நன்றியுரைக்கு முன் எழக் கூடாது

மார்ச் பதினெட்டாம் தேதி காலை பதினொன்றே காலுக்குத் தலைவரின் முகத்துக்கு முன்னால் ஒரு சாளரம் எழுந்தது.

அப்போது அவர் பேசிக்கொண்டிருந்தார். திருத்தங்கல் சாலையில் இருக்கும் எங்கள் அலுவலகத்தின் பெயர் பட்டாசு ஆலைகள் ஒருங்கிணைந்த எச்சரிக்கை மன்றம். அதன் கூடத்தில் ஒரு சுவரையே அடைத்துக்கொண்டு ஒரு திரை இருக்கிறது. மாதம் ஒருமுறை தலைவர் லட்சுமிகாந்தம் அதில் தோன்றி, நாற்பத்திரண்டு ஆலைகளின் உரிமையாளர்களுக்கு உரையாற்றுவார். அவர் உட்கார்ந்திருப்பது பக்கத்து அறையில்தான். கதவைத் திறந்தால் நேரிலேயே பார்க்கலாம். ஆனாலும் திரையில்தான் தோன்றுவார்.

"பாதுகாப்பு என்பது எனது மூச்சு" என்றார். அடுத்த மூச்சை இழுப்பதற்குள் ஒரு சிவப்புப் பெட்டி எழுந்து, அவரை மூக்கிலிருந்து தாடை வரை மறைத்தது. அதில் இப்படி எழுதியிருந்தது: ஆலை 17. அறை 9. வெப்பம் வரம்பைத் தாண்டிவிட்டது.

"யாருய்யா அது, என் மூஞ்சிக்கு முன்னால வந்து நிக்கிறது?" என்று பெட்டிக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

கூடத்தில் எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அந்தத் திரையை இயக்கும் கணினிக்கு முன்னால் உட்காருவது நான். நான் 'அறிந்தேன்' என்ற பொத்தானை அமுக்கினேன். பெட்டி மறைந்தது. தாடை திரும்பி வந்தது. பிறகு ஆலை 17-இன் மேனேஜருக்குப் போன் செய்து, ஒன்பதாம் அறையில் இருந்தவர்களை வெளியே வரச் சொல்லி, கதவுகளைத் திறந்துவைக்கச் சொன்னேன். ஒன்றும் ஆகவில்லை. அதைத் தெரிந்துகொள்ளவும் யாரும் விரும்பவில்லை.

அன்று மாலையே குறிப்பாணை வந்தது. 'தலைமையின் திருமுகத்தை மறைத்து அனுமதியின்றி எழுந்த சாளரம் குறித்து' என்று அதற்குத் தலைப்பு.

இந்த மன்றத்தின் வேலையைச் சொல்லிவிடுகிறேன். பெரிய வேலை இல்லை. ஆலைகளில் மருந்து கலக்கும் அறைகளிலும் அடைக்கும் அறைகளிலும் வெப்பத்தை அளக்கும் கருவிகள் பொருத்தியிருக்கிறோம். சூடு ஏறினால் என் திரையில் சாளரம் எழும். அது எழுந்தால், அங்கே அந்த அறைக்கு வெளியே ஒரு விளக்கு சிவப்பாகும். சிவப்பு என்றால் உள்ளே இருப்பவர்கள் போட்டது போட்டபடி ஓடி வர வேண்டும். நான் பார்த்துவிட்டு 'அறிந்தேன்' என்று அமுக்கினால் விளக்கு பச்சையாகும். பச்சை என்றால், மன்றம் பார்த்துவிட்டது, போன் வந்தாலொழிய வேலையைத் தொடரலாம் என்று பொருள்.

கருவி சூட்டை உணர்ந்த உடனேயே விளக்கு ஏன் எரியக் கூடாது, சாளரம் எழும்வரை ஏன் காத்திருக்க வேண்டும் என்று நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் கேட்டேன். செயலாளர் சீனிவாசகம் ஓய்வுபெற்ற அதிகாரி. பொறுமையாகச் சொன்னார்: "தம்பி சிவபாண்டி, மன்றத்துக்குத் தெரியறதுக்கு முந்தி அறைக்குத் தெரிஞ்சா, பிறகு மன்றம் எதுக்கு?"

நான் வேலைக்குச் சேர்ந்தது கருணை அடிப்படையில். என் மனைவி கற்பகவல்லி பி.எஸ்ஸி. வேதியியல் படித்தவள். ஆனைக்குட்டம் பக்கம் ஓர் ஆலையில் தரம் பார்க்கும் வேலையில் இருந்தாள். இரண்டு வருடத்துக்கு முன், ஏப்ரல் இருபத்து மூன்றாம் தேதி, பதினோராம் அறையில் இருந்தாள். விசாரணை அறிக்கை நான்கு பக்கம். அதில் மன்றத்தைப் பற்றி ஒரே ஒரு வரி: 'எச்சரிக்கை உரிய நேரத்தில் எழுந்தது; அது உடனடியாகக் கவனிக்கப்பட்டது.'

அந்த வரியில் எனக்கு எப்போதும் ஒரு சந்தேகம். உடனடியாகக் கவனித்தவர் யார்? கவனித்து என்ன செய்தார்? அப்போது இந்த நாற்காலிக்கு ஆள் போடவில்லை. செயலாளரே அவ்வப்போது வந்து உட்காருவாராம். அதனால்தான் இந்த வேலையை வாங்கிக்கொண்டேன். முதல் வாரமே பழைய பதிவேடுகளைக் கேட்டேன். கணினியில் பூட்டியிருக்கிறது, சாவிச்சொல் குழுவிடம் இருக்கிறது என்றார்கள். எந்தக் குழு என்று கேட்டேன். அந்தக் குழு கலைக்கப்பட்டுவிட்டது என்றார்கள்.

என் நாற்காலிக்கு எதிரே சுவரில் கண்ணாடி போட்ட ஒரு வாழ்த்து மடல் தொங்குகிறது. தலைவரின் மணிவிழாவுக்குச் செயலாளர் தாமே இயற்றி, தாமே டைப் செய்து, தலைவரின் அச்சகத்திலேயே பொன் மையில் அச்சடித்தது. ஏழு வரி. ஆறு வரிகள் அளவாக இருக்கும். நான்காவது வரி மட்டும் இரண்டு வரி நீளம். மடலின் ஓரத்தில் முட்டிக்கொண்டு நிற்கும். 'எமது இதயத்தில் எழுந்து நிற்கும் ஏந்தலேவானும் நிலவும் உள்ளவரை வாழ்க.' தினமும் எட்டு மணி நேரம் அதைப் பார்ப்பேன். கண்ணில் விழுந்த தூசி மாதிரி உறுத்தும்.

குறிப்பாணையைத் தொடர்ந்து ஒரு குழு அமைந்தது. சாளர எழுச்சி நெறிமுறைக் குழு. தலைவர், செயலாளர், மூத்த உறுப்பினர்கள் மூன்று பேர். நான் அழைக்கப்பட்ட பார்வையாளர். அதாவது டீ சொல்ல.

முதல் கூட்டத்தில் விளக்கம் சொல்ல, மென்பொருள் எழுதிக் கொடுத்த மணிகண்டராஜ் வந்திருந்தான். விருதுநகரில் சின்னதாகக் கம்பெனி வைத்திருப்பவன். என்னைவிட நாலு வயது இளையவன்.

"அய்யா, கம்ப்யூட்டர்ல ஒரே நேரத்துல பத்து புரோகிராம் ஓடும். பத்துக்கும் பத்து விண்டோ. ஒண்ணு மேல ஒண்ணு கிடக்கும். எது மேல வரணும்கிறதுதான் கேள்வி. ரெண்டு கட்சி இருக்கு. ஒரு கட்சி, எந்தப் புரோகிராமுக்கு அவசரமோ அது தானா எந்திரிச்சு முன்னால வரட்டும்னு சொல்லும். அதுக்குத்தான தெரியும், என்ன அவசரம்னு. இன்னொரு கட்சி, அப்படி விட்டா ஒவ்வொண்ணும் நான்தான் அவசரம்னு குதிக்கும், அதனால எல்லாத்தையும் அடுக்கி வைக்கிற மேலாளர்னு ஒரு தனிப் புரோகிராம் இருக்குல்ல, அதுதான் முடிவு பண்ணணும்னு சொல்லும்."

"மேலாளர்தான்" என்றார் தலைவர், யோசிக்காமல்.

"கேட்டுக்கிடுங்க அய்யா. மேலாளருக்கு அவசரம் என்னன்னு தெரியாது. யார் முந்தி வந்தா, யார் என்ன பண்ணிக்கிட்டிருக்காங்கன்னுதான் தெரியும். நீங்க டைப் அடிச்சிட்டிருந்தா, இவர் வேலையா இருக்கார், தொந்தரவு பண்ணாதன்னு நிறுத்தி வைக்கும். கீழ ஓரத்துல ஒரு சின்னப் பட்டை மட்டும் மினுங்கும்."

"அது மரியாதை" என்றார் தலைவர்.

செயலாளர் தொண்டையைச் செருமினார். "நான் அனுபவத்துல சொல்றேன். இந்தச் சாளரங்களுக்கு நாகரிகமே கிடையாது. மனுஷன் நிம்மதியா ஒரு கடிதம் டைப் அடிக்க முடியாது. கண்டதும் எந்திரிச்சு வரும். நான் நிமிர்ந்துகூடப் பாக்கறதில்ல. ரெண்டு விரல்ல அடிக்கிறவன் நான். கீழ எழுத்தப் பாக்கறதா, மேல திரையப் பாக்கறதா? அடிச்சுக்கிட்டே போவேன். அது தானா போயிரும்."

எல்லாரும் சிரித்தார்கள். நான் டீ கிளாஸ்களை எடுத்துக்கொண்டிருந்தேன். ஒரு கிளாஸ் கையில் நின்றுவிட்டது.

"தானா எப்படி சார் போகும்?" என்று கேட்டேன்.

"பார்வையாளர் பேசக் கூடாது" என்றார் செயலாளர்.

தலைவருக்கு ஆலையோடு அச்சகமும் உண்டு. கல்யாணப் பத்திரிகை, காலண்டர், விழா அழைப்பிதழ். அதனால் பிரச்சினையின் சாரத்தை அவரே முதலில் பிடித்துவிட்டார்.

"இதுல என்ன சிக்கல்னு எனக்குப் புரியல. நாப்பது வருஷமா அழைப்பிதழ் அடிக்கோம். யார் பேரு மேல, யார் பேரு கீழன்னு நம்மளுக்குத் தெரியாதா? ஒரு ஊர்ல பொங்கல் நோட்டீஸ்ல ஒருத்தர் பேரு ஒரு வரி கீழ இறங்கிருச்சுன்னு மூணு வருசம் திருவிழாவே நடக்கல. நம்ம அடிச்ச நோட்டீஸ்தான். அந்தப் பாடம் கம்ப்யூட்டருக்குத் தெரியுமா? ஏய்யா, ஒரு பத்திரிகை மாதிரி போடுங்க. தலைமை யாரு, முன்னிலை யாரு, வாழ்த்துரை யாரு. அவக அவக முறை வரும்போது எந்திரிக்கட்டும்."

மணிகண்டராஜ் வாயைத் திறந்தான். மூத்த உறுப்பினர்கள் கை தட்டிவிட்டார்கள்.

நெறிமுறை மூன்று கூட்டங்களில் தயாரானது. அதை அழைப்பிதழ் அட்டையிலேயே அச்சடித்தார்கள். ஓரத்தில் மாவிலைத் தோரணம். தலைமை: தலைவரின் செய்திச் சாளரம். முன்னிலை: மூத்த உறுப்பினர்களின் புகைப்படச் சாளரம். வரவேற்புரை: வருகைப் பதிவு. சிறப்புரை: சுற்றறிக்கைகள். வாழ்த்துரை: பிறந்த நாள், மணநாள் சாளரம். நன்றியுரை: வெப்ப எச்சரிக்கை.

"எச்சரிக்கை கடைசியிலயா?" என்று மணிகண்டராஜ் கேட்டான்.

"நன்றியுரை கௌரவமான இடம் தம்பி" என்றார் செயலாளர். "அதோடதான் விழாவே முடியுது."

இந்தப் பக்கத்தில் நடக்கும் விழாக்களுக்கு நான் போயிருக்கிறேன். நன்றியுரை சொல்பவர் எழும்போது கூடத்தில் இருப்பவர் அவரும் மைக்செட்காரரும்தான். மற்றவர்கள் பந்தியில் இருப்பார்கள்.

மேலாளர் என்ற புரோகிராமுக்கு இந்த வரிசையைக் கற்றுக்கொடுத்தார்கள். முறைக்கு முன்னால் எழ விரும்பும் சாளரம் படிவம் மூன்றைப் பூர்த்தி செய்து செயலாளருக்கு விண்ணப்பிக்க வேண்டும். சாளரம் எப்படிப் படிவத்தைப் பூர்த்தி செய்யும் என்று மணிகண்டராஜ் கேட்டான். "அது உன் வேலை" என்றார்கள். அவனும் எழுதினான். எச்சரிக்கை இப்போது தானே தன் பெயர், அறை எண், எழ விரும்பும் காரணம், முன்பு எழுந்திருந்தால் அதன் விவரம் எல்லாவற்றையும் நிரப்பி, செயலாளரின் மேஜைக் கணினிக்கு அனுப்பும். செயலாளர் 'ஆவன செய்க' என்று அமுக்கினால் எழலாம்.

ஏப்ரல் முதல் வாரம் ஒத்திகை. ஆனைக்குட்டம் ஆலையில் பதினாலாம் அறை. மருந்தையெல்லாம் அப்புறப்படுத்திவிட்டு, வெந்நீர்ப் பையைக் கருவிமேல் வைத்துப் பிடிக்க வேண்டும். அந்த அறையில் வேலை பார்க்கும் இருளம்மாளிடம் பையைக் கொடுத்தார்கள். நடப்பதைக் குறித்துவர என்னை அங்கே அனுப்பினார்கள். கற்பகவல்லிக்குப் பிறகு நான் அந்த ஆலைக்குள் போனது அன்றுதான். பதினோராம் அறை இருந்த இடத்தைப் புதிதாகப் பூசியிருந்தார்கள். வெள்ளை அதிகமாக இருந்தது.

காலை பத்து மணிக்கு இருளம்மாள் பையை வைத்தாள். விளக்கு எரியவில்லை. பத்தே கால். எரியவில்லை.

"ஏய்யா தம்பி, எம்புட்டு நேரந்தான் இதப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறது? கை கடுக்குது."

"விண்ணப்பம் போயிருக்குக்கா. அனுமதி வரணும்."

"எதுக்கு அனுமதி?"

"எந்திரிக்க."

"யாரு எந்திரிக்க?"

நான் விளக்கினேன். அவள் முழுதாகக் கேட்டாள். பிறகு சொன்னாள்: "எங்க வீட்டுக்காரர எழுப்பக்கூட இம்புட்டுப் பாடு கிடையாது."

அறைக்கு வெளியே வேப்பமரத்தில் ஓர் ஒலிபெருக்கி கட்டியிருந்தது. எல்லா ஆலைகளிலும் எல்லா அறைகளுக்கு வெளியிலும் உண்டு. தலைவரின் உரை தொழிலாளர்களைப் போய்ச் சேர வேண்டும் என்று மன்றம் கட்டியது. அதற்கு அனுமதி தேவையில்லை. தலைவர் மைக்கைத் தொட்டால் நாற்பத்திரண்டு ஆலைகளிலும் கேட்கும்.

"அத மட்டும் அணைக்க சுவிட்ச் கிடையாது பாத்துக்க" என்றாள் இருளம்மாள். "பாதுகாப்பு என் மூச்சு, பாதுகாப்பு என் மூச்சுன்னு. அந்த மனுசனுக்கு ஆஸ்துமா இருக்கும்போல."

பத்து நாற்பத்தேழுக்கு அனுமதி வந்தது. அதற்குள் வெந்நீர் ஆறிவிட்டது. கருவி சரியாகவே வேலை செய்தது. சூடு இல்லை என்று சொன்னது. அந்த அனுமதியையே மன்றம் பார்த்ததாக எடுத்துக்கொண்டு, விளக்கு சிவப்பாகாமலேயே பச்சையானது.

அதைப் பார்த்ததும் இருளம்மாள் பையைக் கீழே போட்டாள்.

"அன்னைக்குப் பதினோராம் ரூம்லயும் இப்படித்தான்யா. நான் தண்ணி எடுக்க வெளிய வந்தேன். உங்க வீட்டுப் பிள்ள உள்ள இருந்துச்சு. செவப்பு ஒரு சிமிட்டு சிமிட்டுச்சு. எந்திரிச்சு வாசலுக்கு வந்துருச்சு அந்தப் பிள்ள, நான் பாத்தேன். அதுக்குள்ள பச்ச. 'அக்கா, ஆபீஸ்ல பாத்துட்டாக'ன்னு சிரிச்சுக்கிட்டே திரும்ப உள்ள போச்சு."

"விசாரணையில சொன்னீகளா?"

"சொன்னேனே. சிமிட்டுன்னா எத்தன நொடின்னு கேட்டாக. எனக்கு நொடிக் கணக்கு தெரியாதுன்னேன். எழுதாம விட்டுட்டாக."

நான் குறிப்பேட்டில் எதுவும் எழுதவில்லை. நான் எழுத வந்தது ஒத்திகையை மட்டும்தான்.

ஒத்திகை அறிக்கையைச் செயலாளர் எழுதினார்: 'அனுமதி முறைப்படி வழங்கப்பட்டது. சாளரம் எழுவதற்குள் ஆபத்து தானாகவே நீங்கிவிட்டது. எனவே ஒத்திகை முழு வெற்றி.'

மறுநாள் மத்தியான வெயிலில் பஸ் பிடித்து விருதுநகர் போனேன். மணிகண்டராஜின் கம்பெனி ஒரு செல்போன் கடைக்கு மேலே இருக்கிறது. பூட்டியிருக்கும் பதிவேட்டைத் திறக்க முடியுமா என்று கேட்டேன்.

"சாவிச்சொல் குழுகிட்டல்லண்ணே இருக்கு?"

"நீ வச்ச பூட்டுதான?"

அவன் என் முகத்தைப் பார்த்தான். பிறகு கீபோர்டை இழுத்துக்கொண்டான். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

ஏப்ரல் இருபத்து மூன்று. அறை 11. எழுந்த நேரம் 11:42:06. 'அறிந்தேன்' அமுக்கிய நேரம் 11:42:06.

இரண்டு முறை படித்தேன். அறிக்கை பொய் சொல்லவில்லை. உடனடியாகத்தான். ஒரு நொடிகூடத் தாமதமில்லை.

"ஒரு நொடிக்குள்ள யாரு படிச்சிருக்க முடியும்?" என்றேன்.

"யாரும் படிக்கலண்ணே." அவன் திரையைப் பார்த்தே பேசினான். "விண்டோ தானா முன்னால வரும்போது கீபோர்டையும் தன்கிட்ட இழுத்துக்கிடும். யாரோ டைப் அடிச்சிட்டிருந்திருக்காங்க. அடுத்த வரிக்குப் போக எண்டர் தட்டியிருக்காங்க. எண்டர் அந்தக் கடிதத்துக்குப் போகல. 'அறிந்தேன்'ல போய் விழுந்திருக்கு. அவங்களுக்கு வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. இதாண்ணே, புரோகிராம் தானா எந்திரிச்சு வரக் கூடாதுன்னு மேலாளர் கட்சிக்காரன் சொல்றதுக்குக் காரணமே. அவன் சொல்றதுலயும் நியாயம் இருக்கு."

"மேலாளர் தடுத்திருந்தா?"

"கீழ பட்டை மினுங்கிக்கிட்டிருந்திருக்கும்."

"அந்தாளு பாத்திருப்பாரா?"

"கீழ எழுத்தப் பாத்து அடிக்கிற ஆளு. பாத்திருக்க மாட்டாரு."

"அப்ப எந்தக் கட்சி சரி?"

அவன் கீபோர்டைத் தள்ளிவைத்தான். "ஆளை மாத்தணும்ணே. அதுக்குப் புரோகிராம் கிடையாது."

அந்தக் கணினியில் அதே நாளில் வேறு என்ன கோப்பு திறந்திருந்தது என்று பார்க்கச் சொன்னேன். ஒன்றே ஒன்றுதான். பதினொன்று முப்பதுக்குத் திறந்து, பதினொன்று நாற்பத்து மூன்றுக்குச் சேமித்தது. கோப்பின் பெயர்: மணிவிழா வாழ்த்து.

அவன் அதைத் திறக்கப் போனான். வேண்டாம் என்றேன். எனக்கு அது மனப்பாடம்.

ஏந்தலே. இங்கே ஓர் எண்டர். வானும் நிலவும் உள்ளவரை வாழ்க.

பொன் மையில், கண்ணாடி போட்டு, என் முகத்துக்கு நேரே தொங்கவிட்டிருந்தார்கள்.

நெறிமுறையின் தொடக்க விழா ஏப்ரல் இருபத்து நான்காம் தேதி. அதற்கு முந்தைய நாள் கற்பகவல்லியின் நினைவு நாள். மொட்டை வெயில். விழாவுக்கு நாற்பத்திரண்டு ஆலைகளின் மேனேஜர்களும் கட்டாயம் வர வேண்டும், செல்போன்களை வாசலில் ஒப்படைக்க வேண்டும் என்று சுற்றறிக்கை. வாசல் மேஜையில் செல்போன்கள் வரிசையாகப் படுத்திருந்தன. மேடையில் தலைவர், பக்கத்தில் செயலாளர். செயலாளருக்கு நன்றியுரை. நான் மேடைக்குக் கீழே, ஓரத்தில், கணினிக்கு முன்னால். உரை எல்லா ஆலைகளுக்கும் ஒலிபரப்பாகிறது.

தலைவர் பேசினார்: "ஒரு காலத்துல இங்கன யாரு வேணும்னாலும் எந்திரிக்கலாம்னு இருந்துச்சு. அந்த ஒழுங்கீனத்த ஒழிச்சிருக்கோம். இன்னைக்குச் சொல்லுதேன், எழுதி வச்சுக்கோங்க. இனிமே இந்த மன்றத்துல ஒரு எச்சரிக்கைகூட எந்திரிக்காது!"

நீண்ட கைதட்டல்.

பதினொன்று முப்பத்தொன்றுக்கு என் திரையின் கீழ் ஓரத்தில் ஒரு பட்டை மினுங்கியது. மேலே தலைவரின் செய்திச் சாளரம், அதன் பக்கத்தில் மூத்த உறுப்பினர்கள், ஓரத்தில் யாருக்கோ மணநாள் வாழ்த்து. நான் பட்டையை அமுக்கினேன். சாளரம் எழவில்லை. 'தங்கள் முறை நன்றியுரை. விண்ணப்பம் செயலாளரின் மேஜைக்கு அனுப்பப்பட்டுள்ளது' என்று வந்தது. விண்ணப்பத்தை மட்டும் பார்க்க முடிந்தது. பெயர்: வெப்ப எச்சரிக்கை. ஆலை: ஆனைக்குட்டம். அறை: 14. எழ விரும்பும் காரணம்: வெப்பம். முன்பு எழுந்த விவரம்: இல்லை.

செயலாளரின் மேஜை மாடியில் இருந்தது. செயலாளர் மேடையில் இருந்தார். ஒரு துண்டுச் சீட்டில் எழுதி அவரிடம் நீட்டினேன். அவர் படிக்காமலேயே மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, "நன்றியுரைல யாரு பேரும் விட்டுப்போகாது, கவலப்படாதீங்க" என்று கிசுகிசுத்தார். மேஜைப் போனிலிருந்து ஆலைக்கு அடித்தேன். மேனேஜர் அறையில் மணி அடித்துக்கொண்டே இருந்தது. மேனேஜர் எனக்கு முன்னால் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

பட்டை மினுங்கிக்கொண்டிருந்தது. அங்கே இருளம்மாளின் கதவுக்கு மேல் விளக்கு எரியாமல் இருக்கும். எரியவில்லை என்றால் வேலை பார்க்கலாம்.

நான் எழுந்தேன்.

மேடையேறி, தலைவருக்கும் மைக்குக்கும் நடுவில் போய் நின்றேன். அவர் மூச்சு என் பிடரியில் பட்டது.

"இருளம்மாக்கா. பதினாலாம் ரூம். நான் சிவபாண்டி பேசுதேன். எல்லாரும் வெளிய வாங்க. விளக்கப் பாக்காதீக. பச்ச விழுந்தாலும் உள்ள போகாதீக. போட்டது போட்டபடி ஓடி வாங்க."

"ஏலே, யாருலே இவன்?" என்று பின்னாலிருந்து தலைவர் கேட்டது நாற்பத்திரண்டு ஆலைகளுக்கும் கேட்டது.

பதினொன்று முப்பத்தெட்டுக்கு ஆனைக்குட்டம் பதினாலாம் அறையின் கூரை போனது. நான்கு பேர் வேலை பார்த்த அறை. நான்கு பேரும் அதற்குள் வேப்பமரத்தைத் தாண்டி, வேலிக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தார்கள். ஒருத்திக்கு ஓடும்போது முள் குத்தியது. வேறு சேதமில்லை.

செயலாளர் நன்றியுரையை முழுமையாக ஆற்றினார். பந்திக்குப் பிறகு மாடிக்குப் போய், மதியம் இரண்டே காலுக்கு விண்ணப்பத்தில் 'ஆவன செய்க' என்று அமுக்கினார். கூடத்தில் அறை பதினாலின் சாளரம் கம்பீரமாக எழுந்தது. எதிரே யாரும் இல்லை. துப்புரவுப் பணியாளர் நாற்காலிகளை மடக்கிக்கொண்டிருந்தார்.

மூன்றாம் நாள் எனக்குக் குறிப்பாணை வந்தது. 'அழைப்பிதழில் பெயர் இல்லாத நிலையில், முறை வருமுன், தலைமையின் திருமுகத்தை மறைத்துப் பத்தொன்பது நொடிகள் எழுந்து நின்றமைக்கு ஏன் ஒழுங்கு நடவடிக்கை எடுக்கக் கூடாது? தாங்கள் எழுவதற்கு அனுமதி வழங்கியவர் யார்?'

என் நொடிகளை எண்ணியிருந்தார்கள்.

அன்று மாலை இருளம்மாள் அலுவலகத்துக்கு வந்தாள். உள்ளே விடவில்லை. வாசலில் நின்றே பேசினோம்.

"உன்ன வேலைய விட்டுத் தூக்கிருவாகளாய்யா?"

"தூக்குவாகக்கா."

"தூக்கட்டும். நான் இங்கன உசுரோட நின்னு சொல்லுதேன்ல." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "அந்தச் செவப்பு ஒரு நொடியா, ரெண்டு நொடியான்னு கண்டுபிடிச்சியா?"

"ஒண்ணுகூட இல்லக்கா."

அவள் தலையை ஆட்டினாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போனாள்.

குறிப்பாணைக்கு விளக்கம் எழுதினேன். நான்கு வரி. 'எனக்கு அனுமதி கொடுத்தவர் யாருமில்லை. இத்துடன் எனக்கு எதிரே தொங்கும் வாழ்த்து மடலின் நகலையும் பதிவேட்டின் ஒரு பக்கத்தையும் இணைத்துள்ளேன். மடலின் நான்காவது வரியில் ஓர் எண்டர் குறைகிறது. அது ஏப்ரல் இருபத்து மூன்றாம் தேதி 11:42:06-க்கு எங்கே போனது என்று செயலாளரைக் கேட்கவும்.' ஒரு பிரதியை மாவட்ட நிர்வாகத்துக்கும், இன்னொன்றை விசாரணை அறிக்கை எழுதியவர்களுக்கும் தபாலில் அனுப்பினேன்.

அவர்களிடமிருந்து இன்னும் பதில் இல்லை. மன்றத்திலிருந்து மட்டும் பத்தே நாளில் வந்தது. என்னை வேலையிலிருந்து விடுவித்திருந்தார்கள். கூடவே இன்னொரு கடிதம்:

'தாங்கள் சுட்டிக்காட்டிய குறையைக் குழு மிகுந்த கவனத்துடன் பரிசீலித்தது. நான்காவது வரி இரண்டாகப் பிரிக்கப்பட்டு, எட்டு வரிகளுடன் புதிய மடல் அச்சடித்து மாட்டப்பட்டுள்ளது. தங்கள் கூர்ந்த பார்வைக்கு நன்றி.'

கணக்கு முடிக்கப் போனபோது புதிய மடலைப் பார்த்தேன். எல்லா வரிகளும் அளவாக இருந்தன. பார்க்க நன்றாகத்தான் இருந்தது. என் நாற்காலியில் செயலாளர் உட்கார்ந்து, குனிந்து, இரண்டு விரல்களால் ஏதோ அடித்துக்கொண்டிருந்தார். நான் உள்ளே வந்ததை அவர் பார்க்கவில்லை.

பழைய மடல் கதவோரம் குப்பையோடு சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. யாரிடமும் கேட்கவில்லை. எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.